மருதம்மாளின் பெரட்டு

ஜப்பான்காரர்கள் வந்த சில மாதங்களிலேயே ஆத்தங்கரைத் தோட்டத்தில் பெரட்டு மணி நின்றுபோனது.

கெடாவில், பாடாங் மேஹாவுக்கு உள்ளே, சடக்கு என்று சொல்கிற செம்மண் சாலை முடிகிற இடத்தில் இருந்த ரப்பர் தோட்டம் அது. ஆபீஸ் முன்னால் மரக்கிளையில் தொங்கிய இரும்புத் துண்டைத்தான் மணி என்பார்கள். விடிவதற்கு முன்பே அதை அடிப்பார்கள். வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளிலிருந்து ஆணும் பெண்ணும் வாளி, கத்தி, மண்வெட்டியோடு இறங்கி வந்து வரிசையில் நிற்பார்கள். தோட்டத்துக் கணக்கரான கிராணி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார். அதுதான் பெரட்டு. அதில் நின்றவனுக்கு அன்றைக்கு வேலை உண்டு, வேலை செய்தவனுக்கு மாதக் கடைசியில் அரிசி உண்டு. லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உலகம் அவ்வளவுதான்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காரில் ஏறிப் பினாங்குப் பக்கம் போனவர் திரும்பவில்லை. ரப்பரை வாங்க ஆளில்லை. பால் வெட்டு நின்றது, தோட்டத்துக் கடையில் அரிசி நின்றது, கடைசியில் கடையே மூடிக்கொண்டது.

பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுக் கெடாவுக்குத் திரும்பிய பிறகுதான் மருதம்மாளின் கதையை அவள் வாயாலும் காளியம்மா வாயாலும் கேட்டேன். பஞ்சம் கண்ட ஊர்களைப் பற்றி, பஞ்சம் காணாதவர்கள் எங்கேயும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நிலம் இருந்ததே, ஏன் எதையாவது நட்டுத் தின்னவில்லை? ஆத்தங்கரைத் தோட்டத்தில் நிலத்துக்குக் குறைவில்லை. நடத் தெரிந்த கை அங்கே இல்லை. ரப்பர் மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையைச் சீவத் தெரியும். ரப்பர் அல்லாத எதையும் வேரோடு பிடுங்கத் தெரியும். மருதம்மாள் இந்த இரண்டாவது வேலையைச் செய்தவள். புல்லு வேலை என்று பேர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கித்தா என்று லயத்தில் சொல்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவே குனிந்து, தலைகாட்டிய பச்சையையெல்லாம் பிடுங்கிக்கொண்டே இருந்தாள்.

அரிசி நின்ற அந்த மழையில் அவள் புருஷனுக்குக் காய்ச்சல் வந்தது. கொயினா மாத்திரை கிடைக்கவில்லை. அவன் போய்க் கொஞ்ச நாளில் மகளும் போனாள். அந்தப் பிள்ளைக்கு நோய் ஒன்றும் இல்லை. சாப்பாடு இல்லை, அவ்வளவுதான். மிச்சம் இருந்தது மூத்தவன் அய்யாவு மட்டும். வயது பத்தொன்பது. நல்ல உயரம், நல்ல பால் வெட்டுக்காரன். ஒருநாள் அவன் கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மகளுக்கும் முதலில் கால்தான் வீங்கியிருந்தது.

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நடந்தா சரியாப் போயிடும்” என்றான்.

“உன் தங்கச்சியும் இதையேதான் சொன்னா” என்றாள் மருதம்மாள்.

மறுநாள் அவள் பாடாங் செராய்க்கு நடந்தாள். அங்கே சைதூன் என்று ஒரு தமிழ் முஸ்லிம் பெண். புருஷனோடு மளிகைக் கடை வைத்திருந்தவள். கடையில் அப்போது காலி டின்கள்தான் இருந்தன. ஆனால் கடைக்குப் பின்னால் மரவள்ளியும் சக்கரவள்ளிக் கொடியும் கீரையும் காராமணியும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மருதம்மாள் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம்.

“என்னக்கா அப்படிப் பாக்குற? திருட வந்தியா?” என்றாள் சைதூன்.

“கேட்டா குடுப்பியா, திருடினாத்தான் கெடைக்குமா?”

“கேட்டுத்தான் பாரேன்.”

“இலை வேணாம், கெழங்கு வேணாம். எப்படி நடறதுன்னு சொல்லு.”

சைதூன் மரவள்ளித் தண்டை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, கணு மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்து ஊன்றிக் காட்டினாள். சக்கரவள்ளிக் கொடியை எப்படிப் பதிப்பது, கீரை விதையைச் சாம்பலோடு கலந்து எப்படித் தூவுவது என்றெல்லாம் சொன்னாள். கால் வீக்கத்துக்குக் கீரையும் பயறும் நல்லது, வெறும் கிழங்கு மட்டும் தின்றால் வீக்கம் கூடும் என்றாள். மருதம்மாள் ஒரு கட்டுத் தண்டைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

எங்கே நடுவது என்பதில் முதல் தகராறு வந்தது. கித்தா மரத்தடியில் வெயில் விழாது. லயத்துக்குப் பின்னால் சாக்கடை. வெயிலும் தண்ணீரும் உள்ள ஒரே இடம் துரை பங்களா முன்னால் இருந்த புல்வெளி. ஆற்றங்கரை வரைக்கும் சரிந்து இறங்கும். துரை இருந்த காலத்தில் அதில் கால் வைத்தால் அரைநாள் சம்பளம் போகும். அவர் ஓடிப்போன பிறகும் ஜனங்கள் அந்தப் புல்லைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். மாடுகூட அங்கே மேயவில்லை. மேயவிட யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

மருதம்மாள் நடுப்பகலில் போய் அதன் மத்தியில் மண்வெட்டியைப் போட்டாள். லயமே வந்து ஓரத்தில் நின்று பார்த்தது.

“அடியே, தொரை வந்தா என்ன சொல்லுவ?” என்று கத்தினாள் காளியம்மா. அடுத்த வீட்டுக்காரி, அதே புல்லு வேலைக்காரி. வாயில் வராத வார்த்தை கிடையாது.

“வரட்டும். பசியோடதான் வருவாரு. கெழங்கு அவிச்சுக் குடுக்கறேன்.”

ஓரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்த பிறகு ஒவ்வொருவராகப் புல்லுக்குள் காலை வைத்தார்கள். காளியம்மாவின் புருஷன் சின்னையாதான் முதலில் இறங்கினான்.

முதல் நடவே தப்பாகிப் போனது. சின்னையா கயிறு பிடித்து அளந்து குழி வெட்டினான். தோட்டம் முழுக்க வரிசை அப்படி நேராக இருந்தது. ஒரு வாரம் கழித்துப் பார்க்க வந்த சைதூன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மரவள்ளியை அவர்கள் ரப்பர் மரத்துக்கு விடுகிற இடைவெளியில் நட்டிருந்தார்கள். ஒரு தண்டுக்கும் அடுத்த தண்டுக்கும் நடுவே மாட்டு வண்டி போகலாம்.

“கெழங்குல பால் வெட்டப் போறீங்களாலா? பால் வடியற மங்கு கட்ட எடம் விட்டிருக்கீங்க?” என்றாள்.

மறுபடியும் நட்டார்கள். இந்தத் தடவை வீட்டுக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக்கொண்டார்கள். அதுவும் நடக்கவில்லை. சிலர் தண்ணீர் ஊற்றினார்கள், சிலர் மறந்தார்கள். வேலைக்குக் கூப்பிடுகிறவன் இல்லாமல் வேலை செய்து அந்த ஜனங்களுக்குப் பழக்கமில்லை. விடிந்தால் எழுந்து வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். எதையோ எதிர்பார்க்கிற மாதிரி ஆபீஸ் பக்கம் பார்ப்பார்கள். வெயில் ஏறியதும் உள்ளே போய்ப் படுத்துவிடுவார்கள். அடுத்தவன் பாத்தியில் விரல் பருமனுக்குக் கிழங்கு வைத்ததுமே யாரோ பிடுங்கித் தின்றார்கள். யாரென்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. அவரவரும் ஒரு தடவையாவது பிடுங்கியிருந்தார்கள்.

நடராஜா என்ற கிராணி ஒருவர் மட்டும் தன் குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிட்டிருந்தார். போக வேறு இடம் இல்லாதவர். மருதம்மாள் அவரிடம் போய் நின்றாள்.

“சாமி, நீங்க சொன்னா கேப்பாங்க.”

“நான் சொல்லியா? சம்பளம் குடுக்கறவன் சொன்னாக் கேப்பாங்க. இல்லேன்னா மணியடிச்சாக் கேப்பாங்க. உங்க சனத்துக்கு மணியடிச்சாத்தான் கையும் காலும் அசையும்.”

அவர் எரிச்சலில் சொன்னது அது. மருதம்மாள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். மறுநாள் விடியுமுன் சுத்தியலோடு போய் இரும்புத் துண்டை அடித்தாள். கை வலிக்கிற வரைக்கும் அடித்தாள்.

ஜனங்கள் வந்தார்கள். எழுந்த கையோடு, சிலர் வாளியை எடுத்துக்கொண்டு, சிலர் பழைய வெட்டுக்கத்தியைக்கூட எடுத்துக்கொண்டு வந்து, ஆண்கள் ஒரு வரிசை பெண்கள் ஒரு வரிசையாக நின்றார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. மருதம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் லயத்தில் எந்த வீட்டில் யார் என்று தெரியும். முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பேராகச் சொன்னாள். “இருக்கேன்” என்றார்கள். தண்ணீருக்கு இன்னார், களைக்கு இன்னார், காவலுக்கு இன்னார் என்று பிரித்தாள். பிறகு சட்டம் சொன்னாள்: “பெரட்டுல நின்னவங்களுக்குத்தான் கெழங்கு. நிக்காதவங்களுக்கு இல்ல. யாரா இருந்தாலும் சரி. பாத்தி யாருக்கும் சொந்தமில்ல. நோயாளிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் நிக்காமலே பங்கு.”

“பெரிய தொரைசானி” என்று முணுமுணுத்தாள் காளியம்மா.

“ஆமாண்டி. தொரைசானிதான். நீ களைக்குப் போ.”

காளியம்மா களைக்குப் போனாள். மத்தியானம் மருதம்மாள் போய்ப் பார்த்தபோது பாத்தி துடைத்து வைத்தது போல் இருந்தது. மண் பளிச்சென்று தெரிந்தது. அப்போதுதான் முளைத்திருந்த கீரையும் காராமணியும் பிடுங்கப்பட்டு ஓரத்தில் அழகாகக் குவிந்து கிடந்தன.

“அடிப்பாவி! கீரையப் புடுங்கிட்டியே!”

காளியம்மா தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “என்ன செய்யச் சொல்ற? பச்சையாத் தெரிஞ்சா கை தானாப் போவுது. கித்தா தவிர எதுவும் நிக்கக்கூடாதுன்னுதானே இத்தன வருஷம் அடிச்சு அடிச்சுச் சொல்லி வெச்சான்?”

மருதம்மாளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் அதே வாரத்தில் ஒரு வரிசை முளையைப் பிடுங்கி, யாருக்கும் தெரியாமல் மறுபடி ஊன்றி வைத்திருந்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் குவிந்து கிடந்ததைப் பொறுக்கி, கழுவி, அவித்துத் தின்றார்கள். புருஷனும் மகளும் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று காளியம்மா என்னிடம் சொன்னாள்.

மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார்கள். எந்த முளை கீரை, எந்த முளை களை என்று மருதம்மாள் பெரட்டு வரிசையிலேயே பிடித்துக் காட்டி எல்லாரையும் தொட்டுப் பார்க்கச் சொல்வாள். தெரியாததைப் பாடாங் செராய் போய்க் கேட்டு வந்து மறுநாள் சொல்வாள். பால் கோப்பைகளில் தண்ணீர் மொண்டு ஊற்றினார்கள். சக்கரவள்ளி முதலில் விளைந்தது. மரவள்ளி பிறகு. அரை வயிறுதான், ஆனால் தினமும் அரை வயிறு. அய்யாவுக்கு மட்டும் அவள் தன் பங்குக் காராமணியையும் போட்டாள். அவன் கால் வீக்கம் வற்றியது. அமுக்கினால் குழி விழவில்லை. தினமும் அமுக்கிப் பார்ப்பாள்.

“விடும்மா, மாம்பழம் பழுத்திருக்கான்னு பாக்குற மாதிரி” என்று அவன் காலை இழுத்துக்கொள்வான்.

கிழங்கு விளைகிற செய்தி எப்படியோ வெளியே போயிற்று. ஒரு ஜப்பான் அதிகாரி வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். தலையாட்டினான். அதற்குப் பிறகு வாரம் ஒரு லாரி வந்து ஒரு பங்கை ஏற்றிக்கொண்டு போனது. ஜனங்கள் வயிறெரிந்தார்கள். மிச்சத்தை விட்டுவைக்கிறானே என்று மருதம்மாள் சமாதானம் சொன்னாள்.

அடுத்த வருஷம் நடுவில் சியாம் பேச்சு வந்தது. சியாம் நாட்டில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடிக்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்தில் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, வந்தவர்களை அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்களாம். இன்னொரு தோட்டத்தில் அரிசி கொடுப்பதாகச் சொன்னார்களாம். போனவர்களிடமிருந்து சேதி எதுவும் இல்லை. வாலிபப் பையன்கள் கித்தா காட்டுக்கு உள்ளே, பழைய மூங்கில் புதர்ப் பக்கம் போய் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தார்கள். அய்யாவும் போனான். போகச் சொன்னதே மருதம்மாள்தான். தன் பங்கில் பாதியை இலையில் கட்டிக்கொண்டு போய் அவனுக்குக் கொடுத்துவிட்டு வருவாள்.

பாதி எத்தனை நாளைக்குப் போதும்? அவன் அங்கே நனைந்த தரையில் கிடந்தான். காய்ச்சல் வந்தது. கணுக்காலில் மறுபடி வீக்கத்தின் மினுமினுப்பு தெரிந்தது. ஒருநாள் அவள் பொதுக் குவியலிலிருந்து அவனுக்கென்று ஒரு பங்கை எடுத்தாள். காளியம்மா பார்த்துவிட்டாள்.

“அது யாருக்கு?”

“அய்யாவுக்கு. காய்ச்சல் அவனுக்கு.”

“பெரட்டுல நின்னானா? லயத்துல படுத்த நோயாளிக்குத்தானே பங்கு, காட்டுல ஒளிஞ்சவனுக்கு ஏது?”

மருதம்மாள் கிழங்கை மடியில் கட்டினாள்.

“எம் புருஷன் தெனம் நிக்கிறான். மழையில நிக்கிறான். லாரி வந்தா அவனத்தான் மொதல்ல புடிப்பான். உம் மவன் காட்டுல சாஞ்சு கெடப்பான், எம் புருஷன் ஒழச்சத திம்பானா? நிக்காதவங்களுக்கு இல்லேன்னு சொன்னது யாரு? யாரா இருந்தாலும்னு சொன்னது யாரு?”

கூடி நின்றவர்கள் யாரும் காளியம்மாவைத் தடுக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும், “விடு புள்ள, சூசாவான நேரம், எல்லாருக்கும் கஷ்டந்தான்” என்றார். காட்டிலிருந்த மற்றப் பையன்களின் தாய்மார்களும் அங்கே நின்றார்கள். அவர்களும் தங்கள் பாதிப் பங்கைத்தான் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். மருதம்மாள் எடுத்த கிழங்கைக் குவியலில் திரும்பப் போட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் நடராஜா கிராணியிடம் போனாள்.

“பசங்கள பெரட்டுக்கு வரச் சொல்லலாமா, சாமி?”

“கெழங்கு போடறவன கொண்டுபோயிட்டா அப்புறம் ஜப்பான்காரனுக்குக் கெழங்கு யாரு குடுப்பா? அந்த அதிகாரி நல்லாத்தானே பாத்துட்டுப் போனான். காட்டுல ஒளிஞ்சவன் கையில சிக்கினா கம்யூனிஸ்டுன்னு சுட்டாலும் சுடுவான். இங்க மண்வெட்டியோட நிக்கிறது அதைவிட மேல்.”

அது சரியாகத்தான் பட்டது. இன்றைக்கு யோசித்தாலும் அந்தப் பேச்சில் எனக்குத் தப்புத் தெரியவில்லை. அவள் மூங்கில் புதருக்குப் போய் அய்யாவைக் கூப்பிட்டாள்.

“வரலம்மா. லாரிக்காரன் வாரா வாரம் வரான்” என்றான்.

“கெழங்குக்கு வரான். இங்கேயே கெடந்தா செத்துப்போயிடுவடா. உன் தங்கச்சிய நான் தூக்கிட்டுப் போன மாதிரி உன்னைத் தூக்கிட்டுப் போக என்னால ஆவாது.”

அவன் எழுந்து வந்தான். இன்னும் சில பையன்களும் வந்தார்கள். மருதம்மாள் மகனே வருகிறான் என்றால் பயமில்லை என்று அவர்கள் நினைத்தார்கள்.

கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. அய்யாவு தண்ணீர்க் காவடி சுமந்தான். முழுப் பங்கு தின்றான். காய்ச்சல் விட்டது.

பிறகு ஒரு விடிகாலை, மருதம்மாள் பாதிப் பேரைச் சொல்லி முடித்திருந்தபோது சடக்கில் லாரிச் சத்தம் கேட்டது. கிழங்கு லாரி வருகிற நாள் அல்ல அது. ஆனாலும் கிழங்கு லாரி என்றுதான் நினைத்தார்கள். இரண்டு லாரிகள் வந்து நின்றன. துப்பாக்கியோடு ஒரு சில சிப்பாய்கள் இறங்கினார்கள். கூடவே தமிழ் பேசுகிற துபாசி ஒருவன் வெள்ளைத் தொப்பியோடு இறங்கினான். வரிசையாக நின்ற ஜனங்களைப் பார்த்து அவன் முகம் மலர்ந்துவிட்டது.

“அடடே, பெரட்டே எடுத்து வெச்சிருக்கீங்க. யாரு எடுக்கறது? நீயாம்மா?” என்றான். “நிறுத்தாதே. ஆம்பளைங்க பேரை மட்டும் படி. கூப்பிட்டவன் லாரில ஏறட்டும். சியாம்ல வேலை. மூணு மாசந்தான். சோறு, துணி, எல்லாம் உண்டு.”

பின்னால் ஆறு. ஆற்றுக்கு அப்பால் காடு. சிப்பாய்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். நாலு பேர் ஓடியிருந்தால் இரண்டு பேராவது தப்பியிருப்பார்கள்.

“ஏன் ஓடல?” என்று காளியம்மாவிடம் கேட்டேன்.

“யாருக்கும் தோணலம்மா” என்றாள். “பெரட்டு கலையலையே. பேர் சொன்னா முன்னால வரணும், சொல்ற வரைக்கும் நிக்கணும். அப்படியே நின்னோம்.”

மருதம்மாள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவள் தோளில் இடித்தான். அவள் விழுந்து எழுந்தாள். பேர்களைச் சொன்னாள். முதல் வீடு, இரண்டாம் வீடு. “சின்னையா” என்றாள். “இருக்கேன்” என்று சொல்லிவிட்டுச் சின்னையா போய் லாரியில் ஏறினான். அடுத்தது அவள் வீடு. அவள் அதைத் தாண்டி அதற்கடுத்த வீட்டுப் பேரைச் சொன்னாள்.

எல்லாப் பேரும் முடிந்தபோது ஆண்கள் வரிசையில், லாரிக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய கிழவர்களுக்கு நடுவே அய்யாவு மட்டும் நின்றுகொண்டிருந்தான். அந்த உயரத்துக்கு அவன் எங்கே நின்றாலும் தெரிவான்.

துபாசி கிட்டே வந்தான். “இவன் பேரு ஏன் வரல?”

யாரும் பேசவில்லை. காளியம்மாவும் பேசவில்லை. பேசியிருந்தால் தன்னால் பிறகு உயிரோடு இருந்திருக்க முடியாது என்று என்னிடம் சொன்னாள்.

“காய்ச்சல்காரன் ஐயா. வேலைக்கு ஆவமாட்டான்” என்றாள் மருதம்மாள்.

துபாசி குனிந்து அய்யாவின் காலை விரலால் அமுக்கிப் பார்த்தான். குழி விழவில்லை. “நல்லாத்தானே இருக்கான்” என்றான்.

அய்யாவு தானே போய் ஏறிக்கொண்டான். அம்மாவை மறுபடி அடிப்பார்கள் என்று நினைத்தானோ என்னவோ. லாரி திரும்பும்போது, “தண்ணி ஊத்தலம்மா, கீழ்ப் பாத்திக்கு” என்றான்.

அதற்குப் பிறகு கிழங்குத் தோட்டத்துக்கு யாரும் வரவில்லை. மருதம்மாளும் கூப்பிடவில்லை. அவள் கிணற்றடிக்குப் போனால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். “மணியடிச்சுப் புடிச்சுக் குடுத்தவ” என்று அவள் காதுபடவே சொன்னார்கள். “மவனுக்குப் பேர முழுங்கத் தெரிஞ்சுச்சே, மத்தவன் மவன் பேர முழுங்கத் தெரியலியா?” என்று ஒருத்தி கேட்டாள். மருதம்மாள் குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பினாள். நடராஜா கிராணி வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார். லாரி மட்டும் பழையபடி கிழங்குக்கு வந்தது.

அவள் தனியாகவே களையெடுத்தாள், தண்ணீர் ஊற்றினாள், காட்டுப்பன்றியை விரட்டினாள். முற்றிய கிழங்கைத் தோண்டி, லாரிக்காரன் கண்ணில் படாமல் கொஞ்சம் ஒதுக்கி, ஒவ்வொரு வாசலிலும் வைத்துவிட்டு வந்தாள். முதலில் சிலர் அதை எடுத்துச் சாக்கடையில் எறிந்தார்கள். பிள்ளைகள் போய்ப் பொறுக்கின. பிறகு எறிவது நின்றது. அவளோடு பேசாமலே அவள் கிழங்கைத் தின்றார்கள். பசி அப்படித்தான்.

ஒருநாள் காளியம்மா மண்வெட்டியோடு வந்து அடுத்த வரிசையில் தோண்ட ஆரம்பித்தாள். வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் தோண்டினார்கள்.

“நான் அன்னிக்குக் கேக்காம இருந்திருந்தா அவன் காட்டுலயே இருந்திருப்பான்” என்றாள் காளியம்மா கடைசியில்.

“காட்டுல இருந்திருந்தா செத்திருப்பான்.”

“தெரியுமா உனக்கு?”

“தெரியாது” என்றாள் மருதம்மாள். “தோண்டு.”

அப்படி இரண்டு வருஷம் போனது. மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். வந்தவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். தெரியாததை மருதம்மாள் செய்வதைப் பார்த்துச் செய்தாள். யார் பேரையும் யாரும் கூப்பிடவில்லை. லயத்தில் அந்த இரண்டு வருஷமும் சாவு இல்லாமல் இல்லை. ஆனால் பக்கத்துத் தோட்டங்களில் விழுந்த மாதிரி கொத்துக் கொத்தாக விழவில்லை. யாரும் அதை மருதம்மாளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருப்பாளா தெரியாது.

ஜப்பான்காரர்கள் தோற்றுப் போன பிறகு சியாமுக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்ப ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கம் ரயில் இல்லை. பாடாங் செராய்ச் சடக்கு வழியாக, கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டும் நடந்தும் வந்தார்கள். மருதம்மாள் தினமும் சடக்கு முனைக்குப் போய் நின்றாள். வந்தவர்களில் சின்னையாவும் ஒருவன். அவள் அவனை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவன் அவளைக் கண்டுகொண்டான். சடக்கை விட்டு இறங்கி, கித்தா காட்டுக்குள் நுழைந்து, பின்பக்கமாகச் சுற்றித் தன் வீட்டுக்குப் போனான். நடக்கவே முடியாத ஒரு ஆள் ஏன் அப்படிச் சுற்றிப் போகிறான் என்று பார்த்தபோதுதான் அது சின்னையா என்று அவளுக்குப் புரிந்தது. ஏன் சுற்றினான் என்பதும் புரிந்தது.

மத்தியானம் வரைக்கும் தன் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு காளியம்மா வீட்டுக்குப் போனாள். சின்னையா பாயில் சுருண்டு கிடந்தான். முட்டியில் புண். எலும்புக்கு மேல் தோல் தொங்கியது. அவளைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

“படுத்துக்கப்பா” என்றாள். “எப்போ?”

“போன வருஷத்துக்கு முந்தின மழையிலக்கா. வாந்தி பேதி. அந்தக் கேம்புல நெறையப் பேரு. அவன் ரெண்டு நாள்தான் கெடந்தான். நான் பக்கத்துல இருந்தேன்.”

காளியம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மருதம்மாள் தலையை ஆட்டினாள்.

“பசியோடவா போனான்?”

சின்னையா காளியம்மாவைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான்.

“இல்லக்கா. சோறு இருந்துச்சு. வெள்ள அரிசிச் சோறு. வயிறாரத்தான் சாப்ட்டான்.”

“அப்ப சரி” என்றாள் மருதம்மாள்.

அவன் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அவன் கண்ணை மூடியதும் எழுந்தாள். காளியம்மா வாசல் வரைக்கும் கூடவே வந்தாள். அடுப்பில் பெரிய கிழங்கொன்று வெந்துகொண்டிருந்தது. மருதம்மாள் அதைப் பார்த்தாள்.

“அதைக் குடுக்காதே” என்றாள், உள்ளே கேட்காத குரலில். “ரெண்டு வருஷமா வயித்துக்குள்ள ஒண்ணும் போகாத ஆளு. எலும்பப் பாத்தாலே தெரியுது. மசிச்சு, தண்ணியா, கொஞ்சங் கொஞ்சமா ஊத்து. ஒரேயடியாக் குடுத்தா தாங்காது.”